கூட்டமும் சேர்ந்ததுதான் பாட்டு

(முன்னாள் மாணவர் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



செயலாளர் போன மாசம் போன் பண்ணி, "அண்ணா, ஹாஸ்டல் நினைவுகள்னு ஒரு கால்மணி நேரம் பேசிருங்க, அதையே மலர்லயும் போட்டுக்கலாம்" என்றார். ஒத்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால், ஹாஸ்டல் என்றதும் எனக்கு மெஸ்ஸும் ஞாபகம் வரவில்லை, வார்டனும் ஞாபகம் வரவில்லை. ஒரு கேசட்தான் ஞாபகம் வந்தது. ஆகவே இன்றைக்கு அந்தக் கேசட்டைப் பற்றியும், மேடையில் பாடுகிறபோதே பாட்டைப் பதிந்து வைப்பது என்கிற காரியத்தைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் அமெரிக்காவில் சுற்றிவிட்டு, காங்கேயம் வழியாக ராசிபுரம் வந்து சேருவோம். நடுவில் தூக்கம் வந்தால் தூங்கலாம். மத்தியானச் சாப்பாடு அப்படி.

1985-ஆம் வருஷம். எனக்கு ஒரு வருஷம் சீனியர் அண்ணன் ஒருவர், செவ்வாய்ப்பேட்டையில் வீடு. அவருடைய மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு இசைத்தட்டு கொண்டுவந்திருந்தார். எல்விஸ் பிரெஸ்லி 1972 ஜூன் 10-ஆம் தேதி நியூயார்க்கில் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் பாடியது. பாடி முடித்து ஒரு வாரம் சொச்சத்திலேயே தட்டு கடைக்கு வந்துவிட்டதாம். "ஒரு காலி கேசட் கொண்டா, பதிஞ்சு தர்றேன்" என்றார் அண்ணன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அது காலி கேசட்தானா என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதை ஹாஸ்டல் அறையில் போட்டுக் கேட்டபோது எனக்கு எல்விஸ் குரலைவிட முதலில் பட்டது கூட்டத்தின் சத்தம். அதுவரை நான் கேட்ட பாட்டெல்லாம் ஆள் இல்லாத இடத்தில் பாடினது மாதிரி இருக்கும். சேலம் பஸ்ஸில், லாரி ஷெட்டில், டீக்கடையில் ஓடும் கேசட்டில் பாட்டு தானாகத் தொடங்கும், தானாக முடியும். இதில் பாட்டுக்கு முன்னாலேயே ஆயிரக்கணக்கான பேர் கத்துகிறார்கள். அவர் ஏதோ சொல்கிறார், சிரிக்கிறார்கள். ஒரு வரியைச் சும்மா இழுக்கிறார், கத்தல் கூடுகிறது. கத்தல் கூடினால் அவர் இன்னும் இழுக்கிறார். இங்கிலீஷ் பாதி புரியவில்லை. ஆனால் இது எங்கோ நமக்குத் தெரிந்த சமாச்சாரமாக இருக்கிறதே என்று மட்டும் பட்டது. எங்கே என்று பிடிபடப் பல வருஷம் ஆனது.

இந்த ராக் அண்ட் ரோல் பாடகர்கள் தொடங்கிய காலத்தைப் பார்ப்போம். எல்விஸின் முதல் தட்டு 1954 ஜூலையில் மெம்பிஸ் நகரத்தில் சன் ஸ்டுடியோவில் பதிந்தது. ஒரு பாட்டுக்கு இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், அவ்வளவுதான். ரேடியோக்காரருக்கும் அந்த அளவுதான் சௌகரியம். ஆனால் சோறு போட்டது தட்டு இல்லீங்க, மேடை. ஊர் ஊராகக் காரில் போய் ராத்திரிக்கு ராத்திரி ஆடிப் பாடிச் சம்பாதித்தவர்கள் அவர்கள். 1954 அக்டோபர் 16-ஆம் தேதி எல்விஸ் ஷ்ரீவ்போர்ட் நகரத்தில் 'லூசியானா ஹேரைடு' என்ற சனிக்கிழமை மேடை நிகழ்ச்சியில் முதல்முறை பாடினார். ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு. அது பதிவாகி இருக்கிறது. பத்தொன்பது வயசுப் பையன், அறிவிப்பாளர் கேட்கிற கேள்விக்குக் கூச்சத்தோடு பதில் சொல்கிறான். இரண்டு வருஷம் கழித்து, 1956 டிசம்பர் 15-ல் அதே நிகழ்ச்சியில் பாடிவிட்டு அவர் கிளம்பினதும், கூட்டம் மொத்தமாக எழுந்துவிட்டது. இன்னும் பாட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். "எல்விஸ் அரங்கத்தைவிட்டுப் போயிட்டார், உட்காருங்க" என்று மைக்கில் சொல்ல வேண்டியதாயிற்று. நம் ஊரில் நட்சத்திரப் பேச்சாளர் பேசி முடித்ததும் நன்றியுரைக்காரர் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று நன்றியுரை சொல்லப்போகிற நண்பர் என்னை முறைக்கிறார்.

மேடைதான் இவர்களுடைய உண்மையான இடம் என்றால், மேடையைப் பதிந்து விற்றிருக்க வேண்டும்தானே? கம்பெனிக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. ஜேம்ஸ் பிரவுன் என்ற கறுப்பினப் பாடகர் நியூயார்க் அப்பல்லோ அரங்கில் தான் பாடுவதைப் பதிய வேண்டும் என்று கேட்டார். அவருடைய கம்பெனி முதலாளி சிட் நேதன், "ஏற்கெனவே தட்டில் வந்த பாட்டைத் திரும்ப யாரு வாங்குவா?" என்று மறுத்துவிட்டார். பிரவுன் சொந்தக் காசு 5,700 டாலர் போட்டு 1962 அக்டோபர் 24 ராத்திரி பதிந்தார். 1963-ல் வெளிவந்தது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறி, 66 வாரம் இருந்தது. ரேடியோக்காரர்கள் ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் ஓட்டினார்கள். அதில் ஒரு பாட்டு, தனித்தட்டில் மூன்று நிமிஷம் வந்தது, மேடையில் பத்து நிமிஷத்தைத் தாண்டிவிடுகிறது. பாட்டில் கூடுதல் வரி ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், கூட்டத்தில் ஒரு பெண் கத்துகிறாள், அந்தக் கத்தலுக்கு அவர் பதில் சொல்கிறார். நம் வித்வான்கள் நிரவல் செய்வார்களே, அதுதான். என்ன, இங்கே சபை "பலே" என்று நிறுத்திக்கொள்ளும், அங்கே அலறும்.

சாம் குக் கதை இன்னும் கஷ்டமானது. 1963 ஜனவரி 12-ல் மயாமி நகரத்தில் கறுப்பின மக்கள் கூடும் ஹார்லம் ஸ்கொயர் கிளப்பில் பாடினார். கம்பெனியே ஆள் அனுப்பிப் பதிந்தது. கேட்டுப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப முரட்டுத்தனமா இருக்கு" என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டது. தட்டில் அவர் குரல் சந்தனம் அரைத்தது மாதிரி மென்மையாக இருக்கும். அந்தப் பெயர் கெட்டுவிடுமாம். அடுத்த வருஷம் நியூயார்க்கில் வெள்ளைக்காரப் பணக்காரர்கள் சாப்பிட வரும் கோபகபானா விடுதியில் கோட்டு போட்டுக்கொண்டு நாசூக்காகப் பாடினதை மட்டும் வெளியிட்டார்கள். அந்த 1964 டிசம்பரிலேயே அவர் சுடப்பட்டு இறந்துபோனார். மயாமிப் பதிவு 1985-ல்தான் வெளியே வந்தது. இருபத்திரண்டு வருஷம். நான் செவ்வாய்ப்பேட்டையில் எல்விஸ் பதிந்துகொண்ட அதே வருஷம்! இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே ஆள்தானா என்று இருக்கும். ஆள் ஒருவர்தான், கூட்டம்தான் வேறு. எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பாடுகிறவனை மாற்றிவிடுகிறது. ஸ்டுடியோவில் எதிரே கண்ணாடி மட்டும்தான்.

ஜெர்ரி லீ லூயிஸ் பியானோவைக் காலால் உதைத்து வாசிக்கிற ஆசாமி. 1958-ல் பதிமூன்று வயசுப் பெண்ணைக் கல்யாணம் செய்திருக்கிறார் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் போட்டுடைத்ததும் அவர் பிழைப்பு விழுந்துவிட்டது. விழவேண்டியதுதான் என்று சொல்வேன். 1964 ஏப்ரலில் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஸ்டார் கிளப்பில் வாசித்தார். பின்னணிக்கு ஒரு இளவட்ட ஆங்கிலேயக் குழு. அவர் ஓடுகிற வேகத்துக்கு அவர்களால் ஓட முடியவில்லை, அதுவும் பதிவில் கேட்கிறது. ஒப்பந்தச் சிக்கலால் அந்தத் தட்டு அமெரிக்காவிலேயே வெகுகாலம் விற்பனைக்கு வரவில்லை. இன்று நேரடிப் பதிவுகளில் முதல் வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள்.

அதே ஸ்டார் கிளப்பில் 1962 டிசம்பரில், இன்னும் உலகப்புகழ் வராத பீட்டில்ஸ் பையன்கள் நால்வர் சக் பெர்ரி பாட்டையெல்லாம் பாடிக்கொண்டிருந்ததை யாரோ வீட்டில் வைத்துக்கொள்ளும் டேப் ரிக்கார்டரில் ஒரே மைக் வைத்துப் பதிந்தார்கள். 1977-ல் அது தட்டாக வந்தது. எங்களைக் கேட்காமல் விற்கிறார்கள் என்று வழக்குப் போய், 1998-ல் லண்டன் நீதிமன்றத்தில் பீட்டில்ஸ் தரப்புக்குச் சாதகமாக முடிந்தது. பாடுகிறவனைக் கேட்டுத்தான் பதிய வேண்டுமா, பதிந்ததைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டுமா என்கிற கேள்வி சின்னக் கேள்வி இல்லை. அது எனக்கும் வந்தது, சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கைதட்டல் கேட்டால் மேடை என்று நம்பிவிடாதீர்கள். 1963-ல் வந்த சக் பெர்ரியின் 'மேடையில்' தட்டு, ஸ்டுடியோவில் பாடினதற்கு மேல் கூட்டச் சத்தத்தை ஒட்டி விற்றது. 1968 ஜனவரியில் ஜானி கேஷ் கலிபோர்னியா ஃபோல்சம் சிறைச்சாலையில் கைதிகளுக்குப் பாடினார். நிஜமான மேடை, நிஜமான கைதிகள். அதில் கொலையைச் சொல்லும் ஒரு வரிக்குக் கைதிகள் ஆரவாரிப்பார்கள், கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அந்த ஆரவாரம் பிற்பாடு ஸ்டுடியோவில் சேர்த்ததாம். கைதிகள் அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கிறார்கள். காவலர்கள் துப்பாக்கியோடு நிற்கும்போது எந்தக் கைதி கத்துவான்?

சரி, நம்ம பக்கம் வருவோம். ராக் அண்ட் ரோல் நமக்கு சினிமா வழியாகத்தான் வந்தது. 1958-ல் 'உத்தமபுத்திரன்' படத்தில் 'யாரடி நீ மோகினி' பாட்டு. டி.எம். சௌந்தரராஜன் குரல். இசை ஜி. ராமநாதன். இதே சேலத்தில், ஏற்காடு ரோட்டில் இருந்த மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி'க்கு 1950-ல் இசையமைத்தவர். கர்நாடக ராகங்களில் ஊறியவர் எட்டு வருஷத்தில் ராக் தாளத்துக்கு வந்துவிட்டார். இன்னொரு பக்கம் சந்திரபாபு, கொழும்பில் வளர்ந்து மேல்நாட்டு இசை காதில் ஏறினவர். ஆனால் இவையெல்லாம் ஸ்டுடியோவில் பதிந்தவை. கூட்டம் கிடையாது.

கூட்டத்தோடு பதிந்தது எங்கே என்றால், கர்நாடக சங்கீத ரசிகர்கள் வீட்டில். பழைய 78 தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான் ஓடும். ஒரு ராகம் மூச்சு விடுவதற்குள் ஊசி நடுவுக்கு வந்துவிடும். மதுரை மணி ஐயர் 1968-ல் மறைந்தார். தட்டில் வந்தது கொஞ்சம். இன்று நாம் அவரைக் கேட்கிறோம் என்றால், கச்சேரியில் ஸ்பூல் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்த ரசிகர்களின் புண்ணியம். அதில் தொண்டையைக் கனைப்பது கேட்கும், சபையில் குழந்தை அழுவது கேட்கும். கடைசியில் அவர் இங்கிலீஷ் நோட்டு பாடுகிறபோது சபை குதூகலிப்பதும் கேட்கும். கச்சேரிக்கு இன்றுள்ள அமைப்பை வகுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். அவருக்குப் பாடம் சொன்ன குருமார்களில் ஒருவர் நாமக்கல் நரசிம்ம ஐயங்கார். சீடர் குரல் டேப்பில் நிலைத்தது. குருவின் பெயர் மட்டும்தான் நமக்கு மிச்சம். நாமக்கல்காரர்கள் வருத்தப்பட நியாயம் உண்டு.

இப்போது காங்கேயம். பின்னாளில் கனடாவில் பேராசிரியராக இருந்த பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர், 1960-களில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். 1965-ல் அங்கே அண்ணன்மார் கதையை, அதாவது நாம் பொன்னர் சங்கர் கதை என்கிறோமே அதை, ராமசாமி என்ற பாட்டுக்காரர் உடுக்கையோடு பாட, துணைக்கு ஒருவர் பின்பாட்டுப் பாட, ஊர் ஜனம் சுற்றி உட்கார்ந்து கேட்கக் கேட்க டேப்பில் பதிந்தார். ராத்திரி ராத்திரியாக 38 மணி நேரம். அதே பாட்டுக்காரர் அதே கதையைக் கூட்டம் இல்லாமல், எழுதிக்கொள்வதற்காகச் சொன்ன வடிவமும் இருக்கிறது. இரண்டையும் அந்த அம்மா 1982-ல் வெளியிட்ட நூலில் ஒப்பிட்டிருக்கிறார். சொல்லி எழுதியது சுருங்கிவிட்டது. சாம் குக் கதைதான்! எதிரே காகிதம் இருந்தால் ஒரு கதை, ஊர் இருந்தால் வேறு கதை. டேப்பில் இருந்த பாட்டு 1992-ல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழியாக இரண்டு பாகமாகப் புத்தகமாயிற்று.

இதைப் படித்த அன்றைக்குத்தான், ஹாஸ்டலில் எல்விஸைக் கேட்டபோது 'எங்கோ தெரிந்த சமாச்சாரம்' என்று பட்டது எது என்று புரிந்தது. புரிந்ததும் வயிற்றைக் கலக்கியது.

ஏன் என்றால், நானும் பதிந்திருந்தேன். எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில். 1983 நோம்பிக்கு அண்ணன்மார் கதை வைத்தார்கள். உடுக்கடிப் பாட்டுக்காரர் பக்கத்து ஊர்க்காரர். நாமக்கல்லில் லாரி பட்டறை வைத்திருந்த எங்கள் மாமாவிடம் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்து, அறுபது நிமிஷக் கேசட் ஆறு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பதிந்தேன். பாட்டுக்காரரைக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. சின்னப் பையன் ஏதோ விளையாடுகிறான் என்று விட்டுவிட்டார். படுகளத்தன்று ஆட்கள் அருள் வந்து சாய்ந்து விழுகிறபோது உடுக்கை எப்படிப் போகும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். அதையும் பதிந்தேன்.

இரண்டே வருஷம். ஹாஸ்டல், கையில் காசு இல்லை, புதுக் கேசட் விலை தெரியும் உங்களுக்கு. ஊரிலிருந்து அந்த ஆறையும் கொண்டுவந்தேன். மூன்றின்மேல் ரிக்கார்டிங் கடையில் லிஸ்ட் கொடுத்துச் சினிமாப் பாட்டுப் பதிந்தேன். ஒன்று யாரிடமோ கைமாறிப் போயிற்று. ஒன்று பிழைத்தது, அதில் பேட்டரி இறங்கிப்போய்ப் பதிந்ததால் இப்போது போட்டால் எல்லோரும் சிறுபிள்ளைக் குரலில் வேகமாகப் பாடுகிறார்கள். ஆறாவது கேசட்டைத்தான் 'காலி கேசட்' என்று செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டுபோனேன்.

பாட்டுக்காரர் 1991-ல் காலமானார். அவருக்குப் பின் அந்தக் குடும்பத்தில் உடுக்கையை எடுத்தவர் யாரும் இல்லை.

எல்விஸ் தட்டின் ஒரு பக்கம் அரைமணி வராது. கேசட்டின் ஒரு பக்கம் முப்பது நிமிஷம். மிச்சம் இருந்தது அழியவில்லை. நாலு வருஷம் முன்னால் பரணை ஒழித்தபோது அகப்பட்டது. நியூயார்க் கூட்டம் கைதட்டி ஓய்கிறது, டக்கென்று ஒரு சத்தம், அடுத்த நொடி எங்கள் ஊர்த் திடல். நாலு நிமிஷம். உடுக்கை, பின்பாட்டு, ஒரு நாய். பாட்டுக்காரருக்கு இருமல் வருகிறது. எங்கள் அம்முச்சி குரல், "ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டுப் பாடுங்க சாமி, கதை எங்கீம் போயிறாது." ஜனம் சிரிக்கிறது. அவர் தண்ணி குடித்துவிட்டு, தண்ணி தந்த மகராசியைப் பாட்டிலேயே வாழ்த்திவிட்டு, விட்ட இடத்தில் பிடிக்கிறார். எந்தப் புத்தகத்திலும் அந்த வரி இருக்காது.

அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை. இந்தக் கல்லூரியின் ஆண்டு விழாக்களில் எத்தனை மெல்லிசைக் கச்சேரி, எத்தனை பட்டிமன்றம் கேசட்டில் பிடித்தோம்! யார் வீட்டிலாவது இருக்கும். இருந்தால் முதலில் செய்யக்கூடாதது, ஆசைப்பட்டு உடனே பழைய பிளேயரில் போடுவது. பக்கவாட்டில் பாருங்கள், நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் தொடாதீர்கள். பூஞ்சை இல்லையென்றாலும் வருஷக்கணக்கில் சுற்றாமல் கிடந்தது ஒட்டிக்கொண்டிருக்கும். பென்சிலைச் செருகி மெதுவாக முன்னும் பின்னும் சுற்றித் தளர்த்திவிட்டு, ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகே போட வேண்டும். தொண்ணூறு நிமிஷ நாடா மெல்லிசு, சிக்கினால் அறுந்துவிடும். முக்கியமாக, மேலே எழுதியிருப்பதை நம்பாதீர்கள். என் கேசட்டில் 'எல்விஸ்' என்றுதான் எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஓட விட்டுக் கேளுங்கள். இங்கே கம்ப்யூட்டர் படிக்கும் தம்பிகள் இரண்டு பேர் பதிவு மாற்றித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். பாடினவர் இருந்தால் அவரை, இல்லாவிட்டால் அவர் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெளியே கொடுங்கள்.

நான் கேட்டேன், கொஞ்சம் லேட்டாக. நாற்பது வருஷம். போன தை மாசம் பாட்டுக்காரரின் மகள் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, போனில் போட்டுக் காட்டினேன். அந்த அம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்டார்கள். பாட்டுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இருமல் வந்த இடத்தில் கையைக் காட்டி, "அதை மறுக்கா வைங்க" என்றார்கள். மூன்று தடவை வைத்தேன்.